சத்தம் கேட்டா அழுத்துங்க

சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க, எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் அழுத்துங்க சார்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. ஷாஹினான்னு கோட்டுல பேர் குத்தியிருக்கு. யாருகிட்ட வந்து சொல்ற. மீசை முளைச்ச நாள்லேர்ந்து சத்தத்தை வச்சுத்தான் நான் சோறு தின்னுக்கிட்டிருக்கேன். வசனம் எவ்வளவு, பாட்டு எவ்வளவு, மழை எவ்வளவு, வில்லனோட செருப்புச் சத்தம் எவ்வளவுன்னு அளந்து கலந்து தியேட்டருக்கு அனுப்பறவன் நான். மிக்ஸிங் ஞானதுரைன்னா கோடம்பாக்கத்துல டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவன் கையில ஒரு பட்டனைக் குடுத்து, எல்.கே.ஜி. புள்ளைக்குச் சொல்ற மாதிரி ரெண்டு தடவை சொல்லிட்டுப் போறா. ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு ஒரு பொட்டி. சுவர் பூராவும் பொத்தல் போட்ட பலகை, பொத்தலுக்குள்ள பஞ்சு தெரியுது. எதிர்ல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதுக்கு அந்தப்பக்கம் மிஷினும் அவளும். தலையில ஒரு ஹெட்ஃபோன், சிவப்பு வலது காது, நீலம் இடது காது. எத்தனை பேரோட வேர்வை இதுல இருக்கோ. ரூமும் சரியில்ல. சத்தமே வராத ரூம்னு வெளியில போர்டு வச்சிருக்கான், உள்ள மெல்லிசா ஒரு விசில் ஓடிக்கிட்டிருக்கு, ட்யூப் லைட்டு சோக்கு கெட்டுப்போனா வருமே அந்த மாதிரி. உக்காரும்போதே சொன்னேன், "ஏம்மா, ரூம்ல ஒரு விசில் வருது, அதை நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணு." அவ அண்ணாந்து லைட்டைப் பார்த்தா. "எல்.ஈ.டி. சார், அதுல சத்தம் வராதே." வராதாம். சரிம்மா, நீ சொன்னா சரி.

பீப். இந்தா, வந்துட்டான் நம்ம ஆளு. ஆயிரம் சைக்கிள், செகண்டுக்கு ஆயிரம் அதிர்வு. அழுத்தினேன். இவனை எனக்குத் தெரியாதா. ஒவ்வொரு ரீலுக்கும் தலைமாட்டுல இவனைத்தான் வைப்போம், இவன் சரியா நின்னாத்தான் மத்த சத்தமெல்லாம் சரியா நிக்கும். பெத்த புள்ளை குரலை மறந்தாலும் இவனை மறக்க மாட்டேன். சின்னதாக்குறா, அழுத்தினேன். இன்னும் சின்னதாக்குறா, அழுத்தினேன். பாத்துக்கோம்மா, நல்லாப் பாத்துக்கோ, போய் அந்த மிருதுளாகிட்டச் சொல்லு. மிருதுளாதான் இப்போ நான் மிக்ஸிங் பண்ற படத்தோட டைரக்டர். முதல் படம். என்னைவிடப் பாதி வயசுகூட இருக்காது, ஆனா மரியாதை தெரிஞ்ச பொண்ணு, அந்த மரியாதைதான் எரிச்சல். திட்டியிருந்தா திரும்பத் திட்டியிருப்பேன். முதல் பாதி மிக்ஸிங் முடிச்சு பிரிவியூ தியேட்டர்ல போட்டோம். கதாநாயகி பாத்திரம் விளக்குற சீன். வளையல் போட்ட கை, பித்தளைக் குடம், ஸ்க்ரப்பர். அருமையா வந்திருக்குன்னு நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், முன் வரிசையில எல்லாருக்கும் தோள் மேல ஏறுது. ஒரு அம்மா பக்கத்துல இருந்த குழந்தையோட காதைப் பொத்துது. முடிஞ்சதும் மிருதுளா ஓரமா வந்து, "சார், வளையல் சத்தம் கொஞ்சம் காதைக் குத்துது. ச, ஸ வர்ற இடமெல்லாம் பல்லு கூசுது சார்"னு சொன்னா. ஸ்பீக்கர் சரியில்லம்மா, தியேட்டர்காரன் பராமரிக்கிறதே இல்லைன்னேன். எங்க ஸ்டுடியோலயும் அந்தக் கதைதான், ஸ்பீக்கர் மங்கிப்போச்சு, மாத்தினேன், புதுசும் மங்கிப்போச்சு, அதையும் மாத்தினேன். இப்போ கம்பெனிக்காரன் தகரத்தைக் குடுத்து ஏமாத்துறான். எவ்வளவு ஏத்தினாலும் வளையல் வளையலா வர மாட்டேங்குது, துணியில சுத்தி வச்ச வளையல் மாதிரி இருக்கு. ஏத்தினாத்தானே கேக்கும். ஏத்தினேன். அது என் தப்பா. என் அசிஸ்டென்ட் லியோ பக்கத்துலதான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். அப்போ மிருதுளா சொன்னா, "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு தடவை காதை டெஸ்ட் பண்ணிட்டு வந்துடுங்க. நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துட்டா திங்கட்கிழமை ரெண்டாம் பாதியை ஆரம்பிச்சிடலாம், தயாரிப்பாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்." வரலைன்னா என்னன்னு அவ சொல்லலை. வரலைன்னா என் நாற்காலியில லியோ. அதைத்தான் அவன் தரையில படிச்சுக்கிட்டிருந்தான்.

என்ன இது, ஆளையே காணோம். பீப் நின்னுபோச்சே. ஒருவேளை அடுத்ததுக்குப் போயிட்டாளோ. நாலாயிரமா இருக்கும். நாலாயிரம்னா வளையல், கொலுசு, சாவிக்கொத்து, பொம்பளைங்க ரகசியம் பேசற சத்தம். இல்ல, அவ மிஷினைச் சரி பண்ணிக்கிட்டிருக்கா. இல்ல. அவ கை ஒரு பட்டன் மேல இறங்குது. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கா, கண்ணாடியில மிஷினோட சின்ன வெளிச்சம் தெரியுது, கை இறங்கறப்போ வெளிச்சம் மினுக்குங்குது. ஓ, அப்படியா. மினுக். அழுத்தினேன். மினுக். அழுத்தினேன். இது திருட்டுத்தனம்னு யாராவது சொன்னா செருப்பாலடிப்பேன். சினிமாவுல ஜனங்க பாதிச் சத்தத்தைக் கண்ணாலதான் கேக்குறாங்க. கதவு சாத்தறதைக் காட்டிட்டா சாத்தற சத்தத்தைச் சின்னதாப் போட்டாலும் போதும், கேட்டுட்டேம்பான். வாய் அசையுறது தெரிஞ்சா பாதி வசனம் விழுந்தாலும் புரிஞ்சுக்குவான். கண்ணு கேக்கும், அதான் எங்க தொழிலோட மூலதனமே. மினுக். அழுத்தினேன். விசில் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. இதே விசில் ஸ்டுடியோலயும் இருக்கு. லியோவைக் கேபிளெல்லாம் மாத்தச் சொன்னேன், மாத்தினேன் சார்னான், போகலை. ஏசியை நிறுத்தச் சொன்னேன், போகலை. எனக்கு ஒன்னும் கேக்கலையே சார்னான். சால்டரிங் ஒழுங்கா வைக்கத் தெரியாத பயலுக்கு எப்படிக் கேக்கும். வீட்டுலயும் ஃப்ரிட்ஜ் இதே மாதிரி கத்துது. என் பொஞ்சாதி ரூபியைக் கேட்டா ஃப்ரிட்ஜ் புதுசுங்கங்குறா. இந்தக் காலத்துல எல்லாச் சாமானும் விசிலடிச்சுக்கிட்டுத்தான் வருது.

ரூபி வெளியில உக்காந்திருக்கா. மடியில ஹேண்ட்பேக்கை வச்சுக்கிட்டு, சர்ச்சுல உக்கார்ற மாதிரி நிமிர்ந்து. நான் வர வேணாம்னுதான் சொன்னேன், அவதான் ஆட்டோவுக்குப் போன் பண்ணிட்டு செருப்பைப் போட்டுக்கிட்டு நின்னா. ஆட்டோவுல என்னமோ கேட்டா. என்னன்னேன். ஒன்னுமில்லன்னுட்டா. இந்த ஒன்னுமில்ல இருக்கே, இதைக் கண்டுபிடிச்சவனைத் தூக்குல போடணும். முதல்ல இந்த வார்த்தையே அவ வாயில கிடையாது. சின்ன வயசுல கோவில்பட்டியில எங்க வீட்டுக்கும் சினிமா தியேட்டருக்கும் ஒரே சுவர். எங்கப்பா பெந்தெகொஸ்தே சபைக்காரர், சினிமான்னு சொன்னாலே வாயைக் கழுவச் சொல்லுவார். படம் பார்த்ததே இல்லை நான். ஆனா கேக்காத படம் கிடையாது. மேட்னி ஷோ ஓடும்போது அந்தச் சுவர்ல காதை வச்சுக்கிட்டு வேதப் புஸ்தகத்தை விரிச்சு வச்சிருப்பேன், அப்பாவுக்கு மனப்பாடம் பண்றேன்னு நினைப்பு. சத்தம் எல்லாம் வரும், முகம் ஒன்னும் வராது. யாரோ அழறா, யாரோ ஓடறான், டம்முன்னு ஒன்னு விழுது, அப்புறம் வீணை. எவன் விழுந்தான், எவ அழுதான்னு தெரியாம மண்டை காயும். எதிர்வீட்டு ரூபிதான் அவங்க சித்தியோட திருட்டுத்தனமாப் போய்ப் பார்த்துட்டு வருவா. குழாயடியில குடத்தை வச்சுக்கிட்டு நான் கேப்பேன், ஏய், அந்தக் கதவு படார்னு சாத்துச்சே, அது வில்லனா. அவ சிரிப்பா. வில்லனா, அது தபால்காரரு, காத்துல சாத்துச்சு. அப்புறம் ஆரம்பிப்பா பாருங்க, முதல் சீன்லேர்ந்து, அத்தனை பேர் குரல்லயும். மாமியாருக்கு மூக்கால பேசுவா, டாக்டருக்குக் கனைப்பா. குடம் நிறைஞ்சு வழியும், பின்னால நிக்கிறவங்க திட்டுவாங்க, அவ கதையை நிறுத்த மாட்டா. சத்தம் என்கிட்ட, கதை அவகிட்ட. ரெண்டையும் சேர்த்தாத்தான் படம். அதுக்காகத்தான் அவளைக் கட்டிக்கிட்டேன், வேற எதுக்குன்னு நினைக்கிறீங்க. கல்யாணத்துக்கப்புறமும் அதே கதைதான். சாயங்காலமானா மாடி வீட்டுச் சண்டை, மீன்காரி மருமக ஓடிப்போனது, பாஸ்டரம்மா மைக்கை விட மாட்டேன்னு நின்னது, எல்லாம் குரல் மாத்தி மாத்தி. நான் வேலை முடிச்சு ஓடி வந்ததெல்லாம் அதைக் கேக்கத்தான். இப்போ அவ முணுமுணுக்கறா. ஆமா, முணுமுணுப்புத்தான், வயசானா பொம்பளைங்களுக்குத் தொண்டை போயிடும்போல. சமையல்கட்டுலேர்ந்து ஏதோ சொல்லுவா, சொல்லிட்டுத் தானே சிரிப்பா. என்னடின்னா திரும்பச் சொல்லுவா, பாதிதான் விழும். என்னன்னு மறுபடி கேட்டா, ஒன்னுமில்ல விடுங்க. கேட்டுக் கேட்டுச் சொல்ற சிரிப்புக்கு உப்பு ஏது. அப்புறம் கதையே போச்சு. சாப்பிட வாங்க. மாத்திரை போட்டீங்களா. கேஸ் வந்திருக்கு. எல்லாம் கத்தி, ஒரே குரல்ல, தந்தி அடிக்கிற மாதிரி. அவகிட்ட இருந்த அந்த அத்தனை பேரும் எங்க போனாங்க. நேத்து போன்ல அவ தங்கச்சிகிட்டப் பேசிக்கிட்டிருந்தா, ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு. கையை ஆட்டுறா, இடுப்புல கை வைக்கிறா, மூக்கைச் சுளிக்கிறா. அவ்வளவு பேரும் அங்கதான் இருந்தாங்க. வயித்தெரிச்சலா இருந்துச்சு. நான் வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்.

கதவு திறந்துச்சு. ஷாஹினா. "சார், கொஞ்சம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிறேன், சுவரைப் பார்த்து உக்காருங்க." ஏம்மா, இது நல்லாத்தானே இருந்துச்சுன்னேன். "சும்மாதான் சார், இப்படி உக்காந்தா உங்களுக்குக் கவனம் சிதறாது." சொல்லிட்டு ஒரு சிரிப்பு, குத்தமில்லாத சிரிப்பு. பார்த்துட்டா. பார்த்துட்டுத்தான் திருப்புறா. சரி. இப்போ எனக்கு எதிர்ல பொத்தல் பலகை. பொத்தல் பொத்தல் பொத்தல். மினுக் கிடையாது. ஒன்னும் வரலை. அனுப்புறாளா, அனுப்பலையா. சினிமாவுல பேய்ப் பயம் எப்படி வரும் தெரியுமா. புதுப் பசங்க எல்லாம் டமால்னு ஒன்னைப் போட்டு நாற்காலியிலேர்ந்து தூக்கி எறிவானுங்க, அது பயம் இல்ல, அதிர்ச்சி. பயம்னா, ராத்திரி சீன், பூச்சிச் சத்தம் கிர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கணும், பார்க்கிறவன் அதை மறந்தே போயிடணும், அப்போ நைசாப் பூச்சியை எடுத்துடணும். ஒன்னுமே போட வேணாம், எடுத்தாப் போதும். அப்படியே முதுகு சில்லுங்கும். நானே எடுத்து எடுத்து எத்தனை ஊரைப் பயமுறுத்தியிருக்கேன். இப்போ எனக்கு யாரோ எடுத்துக்கிட்டிருக்கான். முதல்ல பூச்சி போச்சு. நிஜப் பூச்சியைச் சொல்றேன், மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால கத்துமே, அது இந்த வருஷம் கத்தவே இல்ல, பூச்சி மருந்து அடிச்சுட்டான்னு நினைச்சேன். அப்புறம் குக்கர் மூடியில வெயிட்டு ஆடுற அந்தக் கிணுகிணு. அப்புறம் பேரப்பிள்ளை போன்ல சொல்ற தாத்தாவுல பாதி. நைசா, ஒன்னொன்னா, நான் மறந்திருக்கிறப்போ. இல்ல, அப்படி இல்ல. ஜலதோஷம். காதுல அழுக்கு அடைச்சிருக்கும், சொட்டு மருந்து ஊத்தினா போயிடும். ஷூட்டிங்ல சீன் முடிஞ்சதும் ரூம் டோன் எடுப்போம். லைட்மேன்லேர்ந்து ஹீரோ வரைக்கும் எல்லாரும் அசையாம நிக்கணும், அந்த ரூம்ல சும்மா இருக்கிற சத்தத்தை மட்டும் பதிவு பண்ணிக்குவோம். வெறும் மௌனத்தைப் படத்துல போட முடியாது, போட்டா மிஷின் செத்துப்போச்சுன்னு ஜனங்க விசிலடிப்பாங்க. அதனால ஒவ்வொரு ரூமோட மௌனமும் தனித்தனியா எங்ககிட்ட இருக்கும். ஆஸ்பத்திரி மௌனம், போலீஸ் ஸ்டேஷன் மௌனம், புருஷன் பொஞ்சாதி பேசிக்காத வீட்டு மௌனம். இந்தப் பொட்டிக்கு என்ன டோன். ஒன்னுமில்ல. ஒன்னுமில்ல விடுங்க. கர்த்தரே, ஒரே ஒரு சத்தம். நான் இனிமே ஏமாத்தலை, கண்ணைக்கூட மூடிக்கிறேன். கேட்டா மட்டும் அழுத்துறேன். ஒன்னே ஒன்னு குடு.

இந்தா. வருது. நிஜமாவே வருது. மெல்லிசா, உச்சத்துல, தலைமுடி அளவுக்கு ஒன்னு. அழுத்தினேன். விட்டு விட்டு வருது, இப்போ இடது பக்கம், அழுத்தினேன். இது எண்ணாயிரம். சத்தியமா எண்ணாயிரம்தான், எனக்குத் தெரியாதா, ஜால்ராவை அடிச்சுட்டுத் தூக்கிப் பிடிச்சா கடைசியில ஒரு நூல் நிக்குமே, அந்த இடம். என் வயசுல பாதிப் பேருக்கு இது போயிருக்கும். அழுத்தினேன். இவ்வளவு சின்னதை அனுப்புறாளே, கெட்டிக்காரி, என்னைச் சோதிக்கிறா, சோதிம்மா, நல்லாச் சோதி. அழுத்தினேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வெக்கமா இருக்கு, நல்லவேளை சுவரைப் பார்த்து உக்கார வச்சா. அப்போ ஸ்பீக்கர்தான் தகரம். அப்போ ரூபிதான் முணுமுணுக்கறா. நான் அப்பவே சொன்னேன்ல. திங்கட்கிழமை போய் ரிப்போர்ட்டை மேஜை மேல வைக்கணும், ஒன்னும் பேசக் கூடாது, வச்சுட்டு வளையல் சீனைப் போடுடா லியோன்னு சொல்லணும், அவன் தரையில என்ன படிக்கிறான்னு பார்க்கணும். அழுத்தினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரூபியை உக்கார வச்சு, ஏய், எனக்குக் காது முழுசா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, நீ வாயைத் திறந்து சொல்லு, மாடி வீட்டுல என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு, எல்லார் குரல்லயும் சொல்லுன்னு கேக்கணும். கேப்பேன். அழுத்தினேன். அவளுக்கும் சொல்ல ஆசைதான் இருக்கும், இத்தனை நாள் அடக்கி வச்சிருப்பா. நிக்கவே இல்ல, என்ன அழகா ஓடுது பாரு, அழுத்தினேன், அழுத்திக்கிட்டே இருந்தேன்.

"சார்." ஹெட்ஃபோன்ல ஷாஹினா குரல், கணீர்னு, ரெண்டு காதுலயும். "சார், போதும். பட்டனை விட்டுடுங்க." ஏம்மா, இன்னும் வந்துக்கிட்டேதானே இருக்குன்னேன். "நான் எதுவும் அனுப்பலை சார். நீங்க திரும்பி உக்காந்தப்போ அனுப்பினது எதுக்கும் நீங்க அழுத்தலை. அதுக்கப்புறம் மிஷினை நிறுத்திட்டேன். நிறுத்தினப்புறம்தான் அழுத்த ஆரம்பிச்சீங்க." ரூம்ல விசில் இருக்கும்மா, நான் முதல்லயே சொன்னேனேன்னேன். "ரூம்ல இல்ல சார்"னு சொன்னா. மெதுவா, நல்லவிதமாத்தான் சொன்னா. "அது உங்க காதுக்குள்ள வர்றது. கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் கேக்காமப் போயிட்டா சில பேருக்கு அப்படி வரும். எத்தனை நாளா கேக்குது." ஸ்டுடியோ, ஏசி, லியோ மாத்தின கேபிள், புது ஃப்ரிட்ஜ், எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஹெட்ஃபோனைக் கழட்டினேன். கழட்டினப்புறமும் அது இருந்துச்சு. பொட்டியை விட்டு வெளிய வந்தேன், கூடவே வந்துச்சு.

வெளியில ஷாஹினா பேப்பரை வச்சுக்கிட்டு ரூபிகிட்டப் பேசிக்கிட்டிருந்தா. அதுல என் காது கேக்குற அளவைக் காட்டுற கோடு ஒன்னு பாதி வரைக்கும் நேராப் போய் அப்புறம் பள்ளத்துல விழுந்திருந்துச்சு. ரூபி கேட்டா, அவ சொன்னா. ரூபி மறுபடி கேட்டா. ரெண்டு பேரும் சின்னக் குரல்ல, பக்கத்துல பக்கத்துல நின்னு. ரூபி புடவைத் தலைப்பை வாய்ல வச்சுக்கிட்டா. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தா, கல்யாணத்துக்கு முன்னாடி குழாயடியில பார்த்த மாதிரி, முழுசா. பார்த்துட்டு ஏதோ சொன்னா. நீளமா ஏதோ. உதடு அசைஞ்சுச்சு, கை என் தோள் பக்கம் வந்துச்சு, அவ சொன்னதுல என் பேரு இருந்துச்சுன்னு நினைக்கிறேன், எப்பவும் பேரைச் சொல்லவே மாட்டா. மத்ததெல்லாம் அந்த விசிலுக்கு அடியில போயிடுச்சு. "என்ன சொன்ன ரூபி"ன்னு கேட்டேன். அவ வாயைத் திறந்தா. மூடினா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கத்திச் சொன்னா.

"ஒன்னுமில்லங்க. ஆட்டோ நிக்குது, வாங்க."